படிகத்தில் விழுந்த விரிசல்

மூடிக் கிடந்த சுரங்கத்தின் அடியில் இருந்தது அவள் வேலை பார்த்த ஆய்வகம். பிரபஞ்சம் முழுக்க நிறைந்திருந்தும் யார் கண்ணிலும் படாத கரும்பொருளின் துகள் ஒன்றாவது தங்கள் படிகத்தில் வந்து மோதாதா என்று ஒரு குழு அங்கே தவம் கிடந்தது. மோதினால் படிகம் இம்மியளவு சூடாகும். அந்தச் சூட்டை அளக்கும் கருவிக்கு அவள்தான் பொறுப்பு. கையுறை இல்லாமல் யாரையும் அவள் கிட்டே விடமாட்டாள். அதனால் அவளுக்குக் ‘காவல்காரி’ என்று பெயர். மகள் வளர்ந்ததை அவள் லீவு நாளில்தான் பார்த்தாள். கணவர் அதைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு மழைக்காலத்தில், துகள் மோதினால் வருவதுபோன்ற சூட்டுத் துடிப்புகள் கருவியில் வரத் தொடங்கின. இயக்குநர் தரையில் கால் பாவாமல் திரிந்தார். அவளும் நம்பினாள், கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் ஏதோ உறுத்தியது. அந்தத் துடிப்புகளுக்குச் சற்று முன்புதான் புதிய படிகம் பொருத்தியிருந்தார்கள். அது அசையக் கூடாதென்று அதன் பிடியை வழக்கத்தைவிட இறுக்கியிருந்தாள். கையிருப்பில் இருந்த இன்னொரு படிகத்தைப் பக்கத்து அறையில் அதேபோல் இறுக்கிப் பார்த்தாள். அங்கேயும் துடிப்புகள். தளர்த்தியதும் நின்றன. அழுத்தம் தாங்காமல் படிகத்துக்குள் நுண்ணிய விரிசல்கள் விழுந்திருக்கின்றன. விரிசல் விழும்போது எழுந்த சூடுதான் துகள்போல வேஷம் போட்டிருக்கிறது.

அவள் போய்ச் சொன்னதும் இயக்குநர் கதவைச் சாத்தினார்.

“நிதிக்குழு அடுத்த மாசம் கூடுது. அதுவரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும்மா.”

“தெரிஞ்சப்புறம் எப்படி சார் மறைக்கிறது?”

“பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருன்னுதான் சொல்றேன்.”

அவள் சும்மா இருக்கவில்லை. ஆய்வகக் குழுவின் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நிதி நின்றது, ஆய்வகத்தை மூடினார்கள். பிடியை இறுக்கியவள் அவள்தானே, பழியும் அவள் தலையில்தான் விடிந்தது. இயக்குநர் வேறொரு பெரிய ஆய்வகத்துக்குப் போனார். படிக விரிசலைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கினார். கடைசியில் நன்றி சொன்ன வரியில் அவள் பெயர் இருந்தது, எழுத்துப்பிழையோடு.

இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினின் குளிரூட்டும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். “அன்னைக்கே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்” என்று கணவர் இன்றும் சொல்கிறார்.

மகள் மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்: “சொன்னது தப்புன்னு தோணுதாம்மா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“சாப்பிடு, ஆறிடப்போகுது” என்றாள்.