பாட்டுக்குப் பதினைந்து ஆம்பியர்

போன வாரம் தம்பி மகன் தன் புதுக் காரில் பாட்டுப்பெட்டி பூட்டுவதற்காக மார்த்தாண்டத்துக்குப் புறப்பட்டான். துணைக்கு வாருங்கள் பெரியப்பா என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். துணை என்பது மரியாதைக்கு. வீட்டில் விட்டுப்போனால் எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று போன் அடித்துக்கொண்டே இருப்பேன் என்பது அவனுக்குத் தெரியும்.

கடைக்காரர் என் சுண்டுவிரல் தடிமனில் ஒரு சிவப்பு வயரை முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் இழுத்தார். அது போதாதென்று டிக்கியில் தனியாக இன்னொரு பேட்டரி. "இத்தனையும் வண்டி தாங்குமா?" என்று மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை கேட்பதற்குள் அவர் ஈயம் உருக்கி வயர்களைப் பற்றவைக்கத் தொடங்கிவிட்டார். குங்கிலியம் கருகியதுபோல ஒரு புகை எழுந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சுகுமாரன் ஞாபகம் வந்தது.

சுகுமாரன் என் தம்பி, இந்தப் பையனின் அப்பா. வளைகுடாவில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை. அவற்றோடு பேசவேண்டிய அவசியம் இல்லை. அவனுக்கு ஏற்ற வேலைதான். ஒரு லீவில் வந்தபோது கேசட் பிளேயர், ஆம்ப்ளிஃபயர், தட்டு அகலத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுவந்தான். இங்கே வாடகைக்கு ஓடிக் களைத்த ஒரு பழைய காரை வாங்கி, அதில் தானே ஈயம் வைத்துப் பூட்டினான்.

நான் அப்போது திருவட்டாறு பக்கம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். காரைப் பார்த்ததும் கணக்குப் போட்டேன். ஹெட்லைட் இரண்டும் எட்டு ஆம்பியர், வைப்பர் மூன்று, எஞ்சினுக்கு நாலு, பாட்டு அலறினால் பதினைந்து. மொத்தம் முப்பது. டைனமோ கொடுப்பதோ இருபத்திரண்டு, அதுவும் வண்டி நல்ல வேகத்தில் ஓடினால். ஆகவே மழை, இருட்டு, பாட்டு மூன்றும் ஒன்றாக வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். மழைக்கு என் சட்டம் தெரியவில்லை. சுகுமாரனுக்குத் தெரிந்தது, ஆனால் அவன் பாட்டைக் குறைப்பதற்குப் பதிலாக வேறு இடத்தில் சிக்கனம் பிடித்தான். வண்டியைக் கிளப்பச் செல்ஃப் எடுப்பதையே விட்டுவிட்டான்.

"ஒரு செல்ஃபுக்க கறண்டுல ஒரு பாட்டு கேக்கலாம் அண்ணா" என்பான்.

என் கணக்கில் அரைப் பாட்டுதான் வந்தது. இருந்தாலும் கிழட்டுப் பேட்டரி. ஒரு செல்ஃபுக்கே அதற்கு மூச்சு வாங்கும். எங்கள் பக்கம் ஏற்றமும் இறக்கமுமான பூமி ஆனதால் அவன் பாடு எளிதாயிற்று. காரை எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவான். திரும்பும்போது பிரேக்கை விட்டால் தானே உருளும், கியரைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வீடு, கோயில், கள்ளிச்செடி வேலி போட்ட சொந்தக்காரர் தோட்டம் என்று எல்லா இடத்திலும் எங்களுக்கு ஒரு சரிவு இருந்தது. உலகமே சரிவானது என்று நம்பிவிட்டோம்.

அந்த லீவில் அவனுக்குக் கல்யாணம் முடிக்கவேண்டும் என்பது அம்மையின் பிடிவாதம். விட்டால் இனி இரண்டு வருஷம் காத்திருக்கவேண்டும். பையன் நல்லவன், சம்பாத்தியம் உண்டு. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் தலையைக் குனிந்தால் நிமிரமாட்டான். இரண்டு வீட்டில் "பையனுக்கு வாய் இல்லியே" என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். மூன்றாவது இடம் அஞ்சுகிராமத்துக்குப் பக்கம்.

அம்மை, அக்கா, மாமா, நான், சுகுமாரன் என்று ஐந்து பேர் போனோம். மாமா அம்மையின் தம்பி. கனத்த சரீரம், நிறைய வாய். வீட்டு முன்னால் இறங்கியதும் நான் தேடியது சரிவை. சுற்றிலும் பலகைபோல மட்டமான நிலம். ஒரு சாண் இறக்கம் கிடையாது.

"இங்க எங்கடே சரிவு?" என்று தம்பியின் காதில் கேட்டேன். அவன் பாட்டைக்கூட நிறுத்தவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிட்டு உள்ளே வந்தான். தனக்குப் பதிலாகக் காராவது பேசட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

முந்திரிக்கொத்தும் காப்பியும் வந்தன. பெண் வசந்தா வந்து வணங்கி உள்ளே போனாள். மாமா வானத்துக்குக் கீழே உள்ள சகலத்தையும் பேசினார். பெண்ணின் அப்பா சுகுமாரனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தபேலா விழும்போதெல்லாம் பதினைந்து, பதினைந்து என்று போய்க்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் எழுந்துபோய்ப் பாட்டை அணைத்தால் என்ன நினைப்பார்கள்? ஒரு மணி நேரத்தில் பாடகியின் குரல் தடித்தது. பிறகு ஆண்குரல் ஆயிற்று. பிறகு எருமை முக்குவதுபோல இழுத்து நின்றது.

"பாட்டு தீந்துபோச்சு போல" என்றார் மாமா.

விடைபெறும்போது, பெண்ணின் அப்பா பிடிகொடுக்காமல், "மாப்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசலியே. கலந்துக்கிட்டு ஆள் விடுதோம்" என்றார். இதே பேச்சை இரண்டு வீட்டில் கேட்டவர்கள் நாங்கள். அம்மையின் முகம் வாடிவிட்டது. அதன்மேல் கார் வேறு அசையவில்லை. செல்ஃபை இழுத்தால் டிக் என்ற ஒலி, அவ்வளவுதான்.

பெண்ணின் பெரியப்பா மேல்துண்டை உதறினார். "பொறப்படுத வண்டி நிக்கி. சகுனம் நல்லால்ல."

உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் கேட்டது. "பேட்டரி எறங்குனா வண்டி நிக்கத்தான செய்யும் பெரியப்பா. வந்ததுல இருந்து பாட்டுல்லா ஓடுது."

பெரியப்பா வாயை மூடிக்கொண்டு காருக்குப் பின்னால் வந்து நின்றார். அம்மையும் அக்காவும் உள்ளே, சுகுமாரன் ஸ்டியரிங்கில். நான், மாமா, பெண்ணின் அப்பா, பெரியப்பா நாலு பேரும் தள்ளினோம்.

"சம்பந்தம் பேசதுக்கு முன்னால சம்பந்திய சுமக்க வச்சிட்டியளே!" என்றார் பெண்ணின் அப்பா, மூச்சிரைக்க.

கார் உறுமிப் பிடித்தது. நான் ஓடி முன்சீட்டில் சாடி ஏறினேன். அணைக்க மறந்த பாட்டு, டைனமோ சூடுபிடித்ததும் முழுச் சத்தத்தில் அலறிற்று. நான் குனிந்து ஆம்பியர் முள்ளையே பார்த்தேன். பேட்டரி ஏறுகிறது என்று முள் கூட்டல் பக்கம் வந்ததில் அப்படி ஒரு நிம்மதி. பின்னால் பெண்ணின் அப்பா கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தார். நானும் மரியாதையாகக் கையை ஆட்டினேன். அம்மை என் முதுகில் அடித்தாள். பாட்டுக்குத் தாளம் என்று நினைத்தேன்.

ஊர் தாண்டி, பேட்டரி சாவகாசமாக ஏறட்டும் என்று பாட்டை அணைத்த பிறகுதான் அம்மையின் குரல் காதில் விழுந்தது.

"எடே பாவி, மாமன எங்கடே?"

எண்ணிப் பார்த்தேன். நாலு பேர். தள்ளின வேகத்தில் வேட்டி அவிழ்ந்து மாமா அங்கேயே நின்றுவிட்டிருக்கிறார்.

நிறுத்தினால் எஞ்சின் போய்விடும். ஒரு குளத்தங்கரையில் நிற்காமலே வட்டமடித்துத் திரும்பினோம். பெண் வீட்டு முன்னால் சுகுமாரன் ஆக்சிலரேட்டரைச் சவட்டியபடி உறுமவிட்டான். காலை எடுத்தால் டைனமோ படுத்து எஞ்சினும் நின்றுவிடும். ஆகவே அவன் இறங்க முடியாது. நான் இறங்கலாம் என்றால் என் பக்கத்துக் கதவு சிக்கிக்கொண்டு திறக்க மறுத்தது. வேறு வழியில்லாமல் என் தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்தத் தெருவே கேட்கும்படி கத்தினான்.

"மாமா! சட்டுனு வந்து ஏறும் ஓய்! வண்டிய நிறுத்த ஒக்காது! அங்க இருந்து இன்னும் என்னத்தத் தின்னுதீரு?"

உள்ளே ஒரு பெண்ணின் சிரிப்பு, அடக்கமாட்டாமல். பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார்.

"ஏலே, பையன் பேசுதான்லே!" என்று பெரியப்பாவிடம் சொன்னார்.

மாமா கையில் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு வந்து ஏறினார். பெண்ணின் அப்பா காரோடு கூடவே நடந்து, ஜன்னலில் கைவைத்து, "ஆள் விடல. நாங்களே வாறோம், நாள் குறிக்க" என்றார். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

அந்த லீவிலேயே கல்யாணம் முடிந்தது. சுகுமாரன் திரும்பிப்போனான். ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது வழக்கம். எங்களுக்கு வரும் கேசட்டில் "அம்மை, சுகந்தானா" என்பான். பிறகு ஃபேன் சுற்றும் சத்தம்தான் இருக்கும். வசந்தாவுக்கு வருவதில் இரண்டு பக்கமும் பேசியிருப்பானாம். அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள்.

அவன் கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது. அதற்கு வெகுமுன்பே கார் பழைய இரும்புக்குப் போயிற்று. எங்கள் வீட்டு முன்னால் இருந்த சரிவை மண்ணடித்து மட்டமாக்கி ரோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கேசட்டுகள் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. இங்கத்து ஈரத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை ஏறியிருக்கிறது. போட்டுக் கேட்க வீட்டில் ஒரு பெட்டியும் இல்லை.

கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற கடை ஒன்று இருக்கிறது, கொண்டுபோகட்டுமா என்று வசந்தாவிடம் மகன் கேட்டான். நானும் அங்கே இருந்தேன். வசந்தா டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் மக்கா. ஏத்தும்போது கடைக்காரனும் கேப்பாம்லா" என்றாள்.