வாய் திறக்கிற நர்ஸைத் தேடியவர்

பாண்டி போனில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. "அக்கா, நம்ம துளசிராம் சாரு போய்ட்டாருக்கா. நேத்தே தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்களாம். எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றான். எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளையில் அட்டெண்டராக இருந்தவன் பாண்டி. அவனுக்கே தெரியவில்லை என்றால் எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? அலறியடித்துக்கொண்டு மதுரை மஹாலுக்குப் பின்னால் இருக்கிற அவர் தெருவுக்குப் போனால், முனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. 'இன்சூரன்ஸ் ஏஜென்ட் துளசிராம்' என்று அடித்திருந்தார்கள். ஏஜென்டாம்! ஏஜென்டுகளையும் என்னைப் போன்ற வளர்ச்சி அதிகாரிகளையும் ஆயுள் முழுக்கக் கதறவிட்ட மனிதரய்யா அவர்.

இதைப் படிக்கிறவர்களில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். தெரியாத அவர் தெருக்காரர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அண்டர்ரைட்டர். நாங்கள் ஊரெல்லாம் அலைந்து பிடித்து வருகிற காப்பீட்டு விண்ணப்பத்தை ஏற்கலாமா கூடாதா, ஏற்றால் என்ன நிபந்தனை என்று முடிவு செய்கிறவர். டாக்டர்கள் மீதும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று ஆனதும், மதுரை டாக்டர்கள் எல்லாரும் பதறிப்போய், வழக்கில் தோற்றால் நஷ்டஈட்டைக் கம்பெனி கட்டுகிற பாலிசி கேட்ட காலம் அது. எனக்கு நல்ல வேட்டை. ஆனால் எதைக் கொண்டுபோனாலும் இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பொறு தங்கச்சி, போய்ப் பாத்துட்டு வாரேன்" என்பார். டாக்டரின் படிப்பும் அனுபவமும் கையில் எழுத்தாக இருக்கிறது. போய் என்னத்தைப் பார்ப்பது?

ஊரே கொண்டாடிய ஒரு சர்ஜனை நான் பிடித்து வந்தேன். அவர் மீது அதுவரை ஒரு புகார்கூடக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று நினைத்தேன். துளசிராம் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் மாதிரி அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் காலை முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார். "டாக்டரு கெட்டிக்காரர்தான். ஆனா அவரு வந்தா நர்ஸுங்க சுவத்தோட சுவரா ஒட்டிக்கிறாங்க. ஒருத்தியும் வாய் தொறக்கல. நான் மாட்டேன்" என்றார்.

"அண்ணே, நர்ஸு வாய் தொறக்கலைங்கிறதுக்காக எம்பொழப்புல மண்ணப் போடுறீங்களே!" என்று கத்தினேன்.

அவர் குரலே உயரவில்லை. "தப்பு செய்யாத டாக்டரு எங்கயும் இல்ல தங்கச்சி. தப்பு நடக்கப்போற நேரத்துல 'சார், நில்லுங்க'ன்னு சொல்ல ஆள் இருக்கா, சொன்னா அவரு நிப்பாரா, அம்புட்டுதான் நான் பாக்குறது" என்றார். அந்த சர்ஜனை வேறொரு கிளை மறுவாரமே பிடித்துக்கொண்டது. சென்னையில் இருந்த எங்கள் மண்டல அலுவலகம் ஒரே மூச்சில் ஒப்புதல் கொடுத்தது. பின்னால் அங்கே ஏதும் விபரீதம் நடந்ததா என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் சொன்னதுதான் சரி என்று காட்ட என்னிடம் ஒரு சான்றும் கிடையாது. இந்தத் தொழிலின் சாபக்கேடே அதுதான்.

பிறகுதான் பேரையூர் டாக்டரம்மா கனகவல்லியின் விஷயம் வந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்கிற தனியார் ஆஸ்பத்திரி அவருடையது ஒன்றுதான். ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் மதுரைக்கு அனுப்பினார். உயிர் பிழைத்தாள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கை நடத்தும் பொறுப்பு, அதுவரை அவருக்குப் பாலிசி கொடுத்திருந்த பழைய கம்பெனியுடையது. ஆனால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டது. இந்த வகைப் பாலிசி ஒரு சங்கிலி மாதிரி. விடாமல் புதுப்பித்து வந்தால், என்றைக்கோ பார்த்த பிரசவத்துக்கு இன்றைக்குப் புதிதாகப் புகார் வந்தாலும் காப்பாற்றும். ஒரு நாள் அறுந்தாலும் பழைய வருஷங்கள் எல்லாம் அம்போ. "நீங்க எடுத்துக்கலைன்னா நான் பிரசவம் பாக்குறதையே விட்டுருவேம்மா. எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

அண்ணனைக் கையோடு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வழக்கம்போல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில், உள்ளே ஊசி போடக் கிளம்பிய டாக்டரம்மாவை ஒரு சின்ன நர்ஸ் கையை நீட்டி மறித்தாள். "நில்லுங்கம்மா, அந்தக்காவுக்கு இன்னும் பிரஷர் பாக்கல." டாக்டரம்மா அப்படியே நின்றார். "ஆமால்ல? பாரு, பாரு" என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"கெளம்பலாம் தங்கச்சி. பாத்தாச்சு" என்று அண்ணன் எழுந்தார். இதற்காகவா வெயிலில் இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சல். போகிற போக்கில் டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு அப்படி ஆனதுக்கப்பறம் எதை மாத்துனீங்க?" டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. "வலின்னு வந்து படுத்ததுமே வாசல்ல வண்டியக் கொண்டாந்து நிறுத்திருவோம் சார். வேணாம்னா திருப்பி அனுப்பிக்கலாம்ல" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் அபூர்வமாகச் சிரித்தார். "எம்மக பிரசவத்துக்கு இங்கதான் கூட்டியாருவேன். ஆனா அதை எழுத அந்த விண்ணப்பத்துல எடம் இல்லையே" என்றார்.

வழக்கு நிலுவையில் இருப்பதால் மண்டல அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் அவரால் ஏற்க முடியாது. சங்கிலி அறாமல் பழைய தேதியிலிருந்தே ஏற்கலாம், இழப்பில் ஒரு பங்கை டாக்டரே சுமக்கட்டும் என்று எழுதி அனுப்பினார். பதில் இல்லை. போன் போட்டார். "வழக்கு இருக்கில்ல? அப்பறம் என்ன பேச்சு?" என்றது மறுமுனை. "சார், நான் நேர்ல போய்ப் பாத்தேன்" என்றார் அண்ணன். "உங்கள யாரு போகச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். பாலிசி முடிகிற நாளின் சாயங்காலம் வரைக்கும் பதில் வரவில்லை.

"அண்ணே, கையெழுத்தப் போடுங்க. நாளைக்கு வர்றத நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவர் மேசையைத் தட்டினேன். அழுகையே வந்துவிட்டது. அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். "எனக்கு அதிகாரம் இல்லாத கையெழுத்து தங்கச்சி. நாளைக்கு ஒரு கேஸுன்னு வந்தா நம்ம ஆளுங்களே இதத்தான் மொதல்ல செல்லாதும்பாங்க. நம்பி இருக்குற பொம்பளைக்கு அந்தத் துரோகம் வேணாம்."

ஒரு வாரம் கழித்து ஒப்புதல் வந்தது. இன்றைய தேதியிலிருந்து மட்டும் செல்லும், பழைய வருஷங்களுக்குச் செல்லாது என்ற நிபந்தனையோடு! இதைச் சொல்லப் பேரையூருக்கு அண்ணனே போனார். "அப்ப என்னத்துக்கு சார் வந்து பாத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாராம். டாக்டரம்மா அதன்பிறகு காய்ச்சலுக்கும் சளிக்கும்தான் மருந்து எழுதினார். வலி எடுத்த பெண்கள் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்தார்கள். அண்ணனின் மகளுக்கும் மதுரையில்தான் பிரசவம் ஆயிற்று.

அந்த மகள்தான், நான் துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக அட்மிட் செய்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து ஏதோ மருந்து சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ், "சார், அது காலையிலயே குடுத்தாச்சு" என்று தடுத்தாளாம். டாக்டர் உடனே அந்த மருந்தைச் சீட்டில் அடித்துவிட்டாராம். "அப்பா என்னயப் பாத்துச் சிரிச்சாரு அத்தை. 'இங்கயே இருக்கலாம்மா'ன்னாரு. வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம்னு சொன்னோம், ஒத்துக்கவே இல்ல."

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் அண்ணே. அப்படியும் போய்விட்டீர்களே. நல்ல இடம் என்றால் ஒன்றுமே நடக்காது என்று அர்த்தமில்லை என்பீர்கள், அதையும் இப்படியா காட்ட வேண்டும்?

இப்போது நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டரைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கிற பெண் வாய் திறக்கிறாளா என்றுதான் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கூடவே ஒரு கோபமும் மிஞ்சியிருக்கிறது, அதை விடுவதாக இல்லை. 'சார், நில்லுங்க' என்று அவர் சொன்னார். எழுதிச் சொன்னார், போன் போட்டும் சொன்னார். மண்டல அலுவலகத்தில் எவனும் நிற்கவில்லை. எந்த மாதிரி இடம் வேண்டவே வேண்டாம் என்று எனக்குக் காட்டினாரோ, அதே மாதிரி இடத்தில்தான் அந்த மனிதர் ஆயுள் முழுக்க வேலை பார்த்தார்.