சைக்கிள் ட்யூப்பில் இரண்டு ஓட்டை

இன்று மாரிகுப்பம் ரயிலில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு பெங்களூர் காலேஜுக்குப் போகிற என் தம்பி, மூச்சுக்குழாய் குறுகிப் பிறந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சுவிடுவதற்காக அவன் கழுத்தில் ஓட்டை போட்டு ட்யூப் வைக்கப் போகிறார்கள் என்றார்கள். எட்டு வயதான எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். வீட்டில் எல்லாமே அவனுக்குத்தான் நடந்தது.

பெங்களூர் டாக்டர் ஒரு தாளில் இரண்டு விதமாக வரைந்து, யோசித்து வரச் சொல்லியிருந்தார். ஒன்று, மூச்சுக்குழாயை நேராகக் கீறி, இரு ஓரத்திலும் நூல் கட்டி நெஞ்சில் ஒட்டிவைப்பது. ட்யூப் கழன்றால் நூலை இழுத்துப் பிரித்து மறுபடி நுழைக்க வேண்டும். தேவை தீர்ந்தபின் ஓட்டை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். மற்றது, நட்சத்திரம் போல வெட்டி, ஓரங்களைக் கழுத்துத் தோலோடு தைப்பது. அது திறந்தே இருக்கும், ஆனால் பின்னால் மூட இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். பிள்ளைக்கு இரண்டு தடவை கத்தி வைப்பதா என்று அம்மா முதலாவதையே பிடித்துக்கொண்டாள்.

அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர். செய்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், பழைய சைக்கிள் ட்யூப்பை ஸ்பாஞ்சுக்குள் பொதிந்து இரண்டு விதமாகவும் வெட்டித் தைத்தார். ஒரு பேனாக் குழாயை என்னிடம் கொடுத்து நுழைக்கச் சொல்லி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்.

நட்சத்திரத்தில் உடனே போய்விட்டது. கீறலில்தான் நூல் வழுக்கி, வாய் மூடிக்கொண்டது. விடாமல் பழகி, கடைசியில் பத்து எண்ணுவதற்குள் நுழைத்துவிட்டுக் கர்வமாக நிமிர்ந்தேன்.

"பத்து எண்ணுற வரைக்கும் தம்பி இன்னா பண்ணுவான்மா?" என்று அப்பா கேட்டார்.

"சும்மா காத்துக்கினு இருப்பான்பா" என்றேன்.

அடுப்பருகே இருந்த அம்மா எழுந்து வந்து தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "பெங்களூர் ஆஸ்பத்திரி எங்க, நம்ம பாலகாட் எங்க. நட்சத்திரமே போடச் சொல்லுங்க" என்றாள்.

நான் அவ்வளவு பழகியும் சுலபமானதையே எடுத்துக்கொண்டார்களே என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது, தம்பி இருமியதில் கழுத்து நாடா தளர்ந்து ட்யூப் வெளியே வந்துவிட்டது. எடுத்து நுழைத்தேன், நாடாவைக் கட்டினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அம்மா திரும்பியதும், ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த அப்பாவிடம் தெருமுனைக்கே ஓடினேன்.

"தம்பி ட்யூப் கழண்டுச்சுப்பா, நான் போட்டுட்டேன். ரெண்டுதான் எண்ணுனேன்."

அப்பா ஸ்டாண்டு போடாமலே சைக்கிளை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். சைக்கிள் விழுந்து டிபன் கேரியர் உருண்டது. அது நசுங்கியதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, ஓடிப்போய் எடுத்து, என் பாவாடையால் துடைத்துக் கொடுத்தேன்.