அப்பாவின் பஸ்ஸைத் தள்ளியவர்களுக்கு

எங்கள் அன்பு அப்பா பூதப்பாண்டி அருகே ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு நாகர்கோவிலிலிருந்து தோவாளைக்கு ஓடிய தனியார் டவுன் பஸ்ஸுக்கு வந்தார்கள். ஓய்வு பெறும்வரை அதே வண்டிதான். பூக்கூடையோடு ஓடிவரும் பெண்களை விட்டுவிட்டு ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. கதவை அறைந்து சாத்துகிறவர்களை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். எங்கள் அத்தான்கள் எல்லோரும் அந்த ஏச்சு வாங்கியவர்கள்தான்.

அப்பா ஓய்வு பெற்றபோது முதலாளி பஸ்ஸையும் உடைக்கக் கொடுக்க இருந்தார். பிரிவுபசாரத்தில் என்ன வேண்டும் என்று அவர் கேட்க, அப்பா வண்டியையே கேட்டுவிட்டார்கள். காய்த்துக்கொண்டிருந்த மாமரத்தை வெட்டித்தான் அதற்குக் கொட்டகை போட்டோம். அம்மா ஒரு வாரம் அப்பாவிடம் பேசவில்லை. அப்பா கோட்டாறு பழைய இரும்புக் கடைகளில் அலைந்து உதிரிபாகம் தேடினார்கள். கிழிந்த சீட்டுகளை மாற்றாமல் தாமே தைத்தார்கள். ஓடாத வண்டி வெறும் தகரம் என்பார்கள். அதனால் வெள்ளிதோறும் காலையில் ஸ்டார்ட் செய்து முற்றத்தில் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள்.

அப்பா நோயில் படுத்ததும் அந்த வேலை எனக்கு வந்தது. கட்டிலில் கிடந்தபடியே சத்தத்தைக் கேட்டு, ஜன்னல் வழியே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வெள்ளியன்று சோம்பலில் விட்டுவிட்டேன். மாலையில் அப்பா கேட்டபோது, "எடுத்தேன் அப்பா, நீங்க உறங்கிட்டிருந்தீங்க" என்றேன்.

அப்பா என்னைச் சற்று நேரம் பார்த்தார்கள். "செரி மக்களே. நாளைக்கு நான் முழிச்சிருக்கும்போ ஒருக்கா எடு" என்றார்கள்.

மறுநாள் காலையிலேயே அப்பாவுக்கு மூச்சு முட்ட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று வாரம் கழித்து உயிரில்லாமல்தான் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பொய்யைப் பற்றி அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

அடக்கத்தின் மறுநாள் வண்டியில் ஏறினேன். பேட்டரி இறங்கிப்போயிருந்தது. ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதேன். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த சித்தப்பாக்களும் அத்தான்களும் காரணம் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, பக்கத்து வீட்டாரையும் அழைத்து, வண்டியைத் தெருவில் இறக்கித் தள்ளினார்கள். மூன்றாம் முறை என்ஜின் பிடித்தது. தெரு முழுக்கப் புகை. நிறுத்தப்போன என்னை அம்மா தடுத்தார்கள்.

"நிறுத்தாதே மக்களே. கொஞ்ச நேரம் ஓடட்டு."

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கல்லறைவரை உடன் வந்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வண்டியைத் தள்ளியவர்களுக்கு என் தனி நன்றி. நான் அப்பாவிடம் பொய் சொன்னது அன்று உங்களுக்குத் தெரியாது. இந்த ஓராண்டில் ஒரு வெள்ளிகூட நான் தவறவிடவில்லை.