முதல் பானையின் தீ

அமராவதிக்கு எல்லாவற்றுக்கும் பயம். பல்லிக்குப் பயம், மைக்குக்குப் பயம், பி.டி.ஓ. ஆபீஸ் படிக்கட்டைக் கண்டாலும் பயம். இந்த லட்சணத்தில் அவள்தான் ஊராட்சித் தலைவி! பொன்னமராவதிக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, கையெழுத்துப் போட ஒரு வாயில்லாப் பூச்சி வேண்டுமென்று தேடி அவளை நிறுத்தியவர் வெள்ளைச்சாமி. அவள் புருஷன் நாகராசுவுக்குப் பெரியப்பா, ஊருக்குப் பெரிய கை. ஜெயித்த பிறகு பார்த்தால், வாயில்லாப் பூச்சி தானே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த அன்றைக்கு அவளுக்கு வயிற்றைப் பிரட்டி வாந்தி வந்தது, அது வேறு விஷயம். அடுத்த வாரமே கிழக்குத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட்டாள். அதையும் நடுங்கிக்கொண்டேதான் செய்தாள்.

அவள் பயப்படாத இடம் ஒன்று இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர்கள் வயற்கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு நிறைந்துவிடும். மார்கழிப் பனியில் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை சேலையை வரிந்துகட்டிக்கொண்டு மேட்டிலிருந்து தொபுக்கென்று குதிப்பாள். சித்தன்னவாசல் பக்கம் பிறந்த வீட்டில் பழகிய நீச்சல். வெளியே குளிரில் பல் கிட்டும், தண்ணீருக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். ஆபீசுமில்லை, கூட்டமுமில்லை. மல்லாந்து மிதந்துகொண்டு தனியாகச் சிரிப்பாளாம். நாகராசுவே ஒருநாள் பார்த்துவிட்டு, "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுடி" என்றான்.

அந்தச் சிரிப்புக்குத்தான் வந்தது வினை.

தை மாத முதல் செவ்வாயன்று அம்மன் கோயில் பொட்டலில் ஊர்ப்பொங்கல் வைப்பார்கள். முதல் பானைக்கு மட்டும் பூசாரி கோயில் விளக்கிலிருந்து நெருப்புக் கொடுப்பார். மற்ற பானைக்காரர்கள் எல்லாரும் அந்த முதல் அடுப்பிலிருந்துதான் ஓலையில் தீ எடுத்துக்கொண்டு போக வேண்டும். காலகாலமாக முதல் பானை வெள்ளைச்சாமி வீட்டுப் பானை. கிழக்குத் தெருக்காரர்களோ கண்மாய்க்கரையில் தனியாக வைத்துக்கொள்வார்கள். தனியாக வைக்கச் சொன்னது யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, போங்கள்!

இந்த வருஷம் கிழக்குத் தெருவும் பொட்டலுக்கு வரட்டும், யார் பானை எங்கே என்பதற்குச் சீட்டுப் போடுவோம் என்றாள் அமராவதி. வெள்ளைச்சாமி தலையாட்டினார். வரப்போகிற எலெக்‌ஷனில் கிழக்குத் தெரு ஓட்டு அவருக்கு வேண்டும். இத்தனை பானையில் அவர்கள் பானை நடுவில் எங்கேயாவது விழுந்துவிடும் என்று அவர் நினைத்தார். உள்ளதைச் சொன்னால் அமராவதியும் அப்படித்தான் நினைத்தாள். நடுவிலே விழட்டும் தாயே என்று அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலைகூட நேர்ந்திருந்தாள்.

பூசாரி முனியசாமி எடுத்த முதல் சீட்டிலேயே கிழக்குத் தெருச் சரண்யாவின் பேர் வந்தது.

சரண்யா தையல்காரி. ஊரில் பாதிப் பெண்கள் அவள் தைத்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அவள் அளவெடுத்த துணி உடம்பில் ஒட்டலாம், அவள் அடுப்புத் தீ மட்டும் ஆகாதாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

சீட்டு எடுத்த அன்று சாயங்காலமே அமராவதிக்கு போன் வந்தது. நம்பர் தெரியவில்லை.

"கெணத்துல தனியா நீஞ்சுற பொம்பளைக்கு ஊர்ச் சோலி எதுக்கு? ஒருநா அடியிலயே கெடப்ப."

போன் கட்டாகிவிட்டது. "போலீசுல சொல்லிருவமா?" என்றான் நாகராசு.

"யாருனு கேட்டா என்னங்க சொல்றது? நம்ம ஊருக் கொரலுங்க அது."

அதோடு கிணற்றுப் பக்கம் போவதை நிறுத்தினாள். வீட்டுக்குள் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கும்போதுகூடக் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சீட்டை மறுபடி போட்டுவிடலாமா என்று புருஷனைக் கேட்டாள், கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

செவ்வாய்க்கிழமை பொட்டல் நிறையப் பானைகள். முனியசாமி கொடுத்த நெருப்பில் சரண்யாவின் அடுப்பு பற்றிக்கொண்டது. கிழக்குத் தெருக்காரர்களைத் தவிர ஒருத்தரும் தீயெடுக்க எழுந்து வரவில்லை. சரண்யா அடுப்பைப் பார்த்தபடியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள், அவள் காது சிவந்துபோயிருந்தது.

அமராவதி ஒரு காய்ந்த ஓலையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போனாள், தீயைப் பிடித்தாள், திரும்பினாள். கை உதறிய உதறலில் பாதி வழியிலேயே தீ அணைந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வெள்ளைச்சாமி கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "சாமியே அணைச்சிருச்சு தாயி. ஒம்மேல குத்தமில்ல. வந்து ஒக்காரு."

அடேயப்பா, எவ்வளவு நல்ல வழி! பழி சாமிமேல் போய்விடும், போனும் வராது, கிணற்றுக்கும் போகலாம். அமராவதிக்கு அப்படியே போய் உட்கார்ந்துவிட வேண்டும்போல இருந்தது. காலும் அந்தப் பக்கம்தான் இழுத்தது.

"சாமி அணைக்கல மாமா" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "எனக்குப் பயமா இருக்கு. கை நடுங்குது, அதான் அணைஞ்சிருச்சு. இன்னொருக்க எடுத்துட்டு வாரேன்."

திரும்பிப் போனாள். இந்தத் தரம் சரண்யாவும் கூடவே எழுந்து, இரண்டு கையையும் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேருமாக அமராவதியின் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

உடனே பக்கத்து அடுப்பிலிருந்து பிரகதாம்பாள் ஓலையை நீட்டினாள். வெள்ளைச்சாமியின் சம்சாரம். "இங்கிட்டும் கொஞ்சம் காட்டு ஆத்தா." பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் ஓலையோடு எழுந்தார்கள். அமராவதி அடுப்புத் தீ என்றால் யாருக்கும் கூச்சமில்லை பாருங்கள்!

அமராவதி தன் ஓலையைத் தரையில் தேய்த்து அணைத்தாள். "எங்கிட்ட இல்ல அயித்தே. மொதப் பானை அங்கன இருக்கு. அங்க போயி எடுங்க."

"ஒனக்கு என்னா தைரியம்டி!"

"தைரியமெல்லாம் இல்ல அயித்தே. காலப் பாருங்க."

பிரகதாம்பாள் குனிந்து பார்த்தாள். அந்தக் கால் சேலைக்கடியில் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தன் புருஷனை ஒருதரம் பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, "சரண்யா, கொஞ்சம் தீ குடும்மா" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். நாலைந்து பேரில் இரண்டு பேர் அவள் பின்னால் போனார்கள். மற்றவர்கள் தீப்பெட்டியை உரசிக்கொண்டார்கள்.

வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பொட்டலை விட்டுப் போனார். அவர் போன திசையைப் பார்க்கப் பார்க்க அமராவதிக்கு அந்தப் போன் குரல்தான் ஞாபகம் வந்தது. அவள் பானையில் பால் பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. குலவை போட வாயைத் திறந்தாள், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. சரண்யாதான் அவள் பானைக்கும் சேர்த்துப் போட்டாள்.