உப்பில்லாத ஓட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் என் மாமியார் ஒரு வேண்டுதல் வைத்தார். வேலை கிடைக்கும்வரை மகன் சாப்பாட்டில் உப்பு கிடையாது. என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புது மருமகள் வாயைத் திறக்கக் கூடாதாம்.

அவர் தினமும் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடிப் பழகினார். மாசி வெயில். அருவி மெலிந்திருந்தாலும் வயிறு முட்டக் குடிப்பார். அதைவிட நல்ல தண்ணீர் உலகத்திலேயே இல்லை என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. மேலே ஒரு கலர் சோடாவும் உள்ளே போகும். திரும்பும் வழியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, நொண்டிக்கொண்டே வந்து சேருவார்.

"கண்ணு பட்டுட்டுலே" என்று மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவார். அந்த உப்பை மகன் கஞ்சியில் போட்டிருந்தால் சங்கதி அன்றைக்கே முடிந்திருக்கும்.

நான் கம்பவுண்டர் மகள். வேர்வையில் உப்பும் சேர்ந்தே போகிறது என்று எனக்குத் தெரியும். அருவித் தண்ணீர் பாறையில் வழிந்து வருகிற மழைநீர். அதில் உப்புச்சத்து பெயருக்குத்தான். கலரில் இருப்பது சீனியும் காற்றும். இரண்டையும் குடிக்கக் குடிக்க, உடம்பில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப் போகும்.

தேர்வு நெருங்கியதும் கேட்டேவிட்டேன்.

"அத்தே, இப்படியே போனா பாதி ஓட்டத்துல விழுந்துருவாவ. வேண்டுதல் உங்களோடதுதான? நீங்க உப்பில்லாம இருங்க. அவியளுக்கு நான் உப்புப் போடுதேன்."

மாமியார் உப்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினார். கோபம் என்று நினைத்தேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்காரருக்கு நீராகாரத்திலும் மோரிலும் உப்புக் கரைத்துக் கொடுத்தேன். கலரை நிறுத்தினேன். குடித்தது அதே அருவித் தண்ணீர்தான், கால் இழுக்கவில்லை. இழுக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

திருநெல்வேலியில் ஓடி ஜெயித்து, வேலை கிடைத்த சேதியோடு வந்தார். களத்துக்கு நெல் தூற்றப் போயிருந்த மாமியாரிடம் சொல்ல ஓடினேன். அவர் வைக்கோல் மேல் உட்கார்ந்து, கெண்டைக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் சொன்ன நாளிலிருந்து அவர் உப்பையே தொடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"அத்தே, வேலை கிடைச்சிட்டு."

"ஓடும்போது அவனுக்குக் கால் இழுக்கலேல்லா?"

"இல்லத்தே."

"அப்பம் எனக்கும் கொஞ்சம் கஞ்சி கொண்டாட்டி. உப்புப் போட்டு."