டாக்டர் கேட்ட அத்தனை கட்டுரைகளும்

நூலக வேலை என்றால் உட்கார்ந்து படித்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று நினைப்பவர்களை ஒரே ஒரு வாரம் எங்கள் ஆஸ்பத்திரி நூலகத்தில் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். எண்பதுகளில் கோலாலம்பூரில் நானும் பரமேஸ்வரியும் பட்ட பாடு, இதே வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அவசரக்காரி

குழந்தைகள் வார்டு டாக்டர் ரவி வந்து, வயிற்றுப்போக்குக்கான ஒரு புது மருந்தைப் பற்றி உலகத்தில் வந்த அத்தனை கட்டுரைகளும் வேண்டும் என்றார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அதை வார்டில் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறாராம். வீட்டுக்குப் போகக் கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான், மருந்தைப் புகழ்ந்த பத்துக் கட்டுரைகளை எடுத்து வைத்துவிட்டுக் கைப்பையைத் தூக்கினேன். பரமேஸ்வரிக்கு வீடு பக்கத்திலேயே, பிரிக்ஃபீல்ட்ஸில்; அவளுக்கு என்ன அவசரம்? என் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மருந்து கேக்கலன்னு எழுதினவங்களையும் தேடு செல்வி. அவங்களும் புள்ளைங்களுக்குக் கொடுத்துப் பாத்துட்டுத்தானே எழுதியிருப்பாங்க.”

மூன்றாம் வாரம்

அந்த மருந்துக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர். தலையணை கனத்தில் இருக்கும் மருத்துவக் கட்டுரை அட்டவணைத் தொகுதிகளில் ஒவ்வொரு பெயரையும் வருஷம் வருஷமாகத் தேடினோம். இங்கே கிடைக்காதவற்றுக்குச் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் கடிதம் போட்டோம். தேடிய சொற்களை எல்லாம் பரமேஸ்வரி ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் அதே வழியில் போய்ப் பார்க்க வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. போட்டோஸ்டாட் எடுக்கும் மணியம் மெஷினைத் தட்டிக்கொடுத்தபடி கேட்டார்:

“அக்கா, வயித்துப்போக்கு புள்ளைங்களுக்கா, இல்ல என் மெஷினுக்கா?”

பக்கத்துப் பக்கத்து அட்டைகள்

எல்லாம் சேர்ந்தபின் பார்த்தால் தராசு மருந்தின் பக்கமே சாய்ந்தது. அடுத்த மாதமே வார்டில் ஆரம்பித்துவிடலாம் என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பரமேஸ்வரி கட்டுரைக்கு ஓர் அட்டை போட்டு, எழுதியவர் பெயர்ப்படி அடுக்காமல் ஆஸ்பத்திரிப்படி அடுக்கினாள். மருந்தை மிகவும் புகழ்ந்த இரண்டு தமிழ்நாட்டுக் கட்டுரைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்றை எழுதியவர் கே. ஆறுமுகம், மற்றதை எழுதியவர் ஏ. கந்தசாமி. ஒரே வார்டு, ஒரே மாதங்கள். இருவரும் ஒரே ஆளாக இருக்கும், கந்தசாமியின் மகன் ஆறுமுகத்தை ஒரு பத்திரிகை அவர் பெயரிலும் இன்னொன்று அப்பா பெயரிலும் போட்டிருக்கும் என்றாள் பரமேஸ்வரி. அவருக்கே எழுதிக் கேட்டோம். ஆமாம், இரண்டும் நான்தான், குழந்தைகளும் அதே குழந்தைகள்தான் என்று பதில் வந்தது.

ஒன்றை எடுத்ததும் தராசு நேராகிவிட்டது. டாக்டருக்கு முகம் தொங்கிப்போயிற்று. சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவரோ பேனாவை எடுத்துத் தான் எழுதிக்கொண்டிருந்த ஆய்வின் முடிவுரையை அடித்துவிட்டு, இன்னும் தெரியவில்லை என்று எழுதினார். மருந்து வார்டுக்கு வரவில்லை. அன்றைக்கு அவர்மேல் வந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை. நானும் தமிழன்தானே, எனக்குத் தோன்றாதது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று பரமேஸ்வரியிடம் கேட்டார். அவள் அட்டைகளைக் கட்டியபடி சொன்னாள்:

“பேங்க்ல என்னை எப்பவும் எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க டாக்டர்.”

அடுத்த வருஷம் அந்த ஆய்வு வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தபோது, அதன் கடைசி வரியில் இந்தத் தேடலுக்காக மனமார்ந்த நன்றியைப் பெற்றுக்கொண்டவர், பரமேஸ்வரியின் அப்பா, ஆயுளில் ஒரு நூலகத்தின் படிகூட ஏறாத பொன்னுதுரை.